சுரங்கத்துக்குப் பக்கத்தில் விவசாயமா? கிணறு, வாய்க்கால், ஏரித் தண்ணீரை நீங்களே கண்காணிப்பது எப்படி?

சுரங்கம், குவாரி பக்கத்தில் நிலம் வைத்திருக்கும் விவசாயிகளிடம் பேசினால் பெரும்பாலும் இரண்டு புகார்கள் வரும். ஒன்று, 'கிணற்றில் தண்ணீர் கீழே போய்க்கொண்டே இருக்கிறது'. இரண்டு, 'தண்ணீரின் நிறமும் ருசியும் மாறிவிட்டது, பயிர் முன்னைப்போல வரவில்லை'. இதை மனுவாக எழுதிக் கொண்டுபோனால் அதிகாரிகள் கேட்கும் முதல் கேள்வி, 'எப்போதிலிருந்து? எவ்வளவு? என்ன ஆதாரம்?' என்பதுதான். அங்கேதான் பல விவசாயிகள் பதில் சொல்ல முடியாமல் நிற்கிறார்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு கயிறு, சில சுத்தமான பாட்டில்கள், ஆண்டுக்கு நான்கு முறை ஆய்வகத்துக்குப் போய்வரும் பொறுமை. இவ்வளவு இருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் தயார். உங்கள் தண்ணீர் நன்றாக இருந்தால் நிம்மதி. கெட்டிருந்தால் குடும்பத்தையும் மாட்டையும் பயிரையும் காப்பாற்றிக்கொள்ளலாம், நியாயமும் கேட்கலாம். அதற்கான வழிமுறைகளைப் பார்ப்போம்.

சுரங்கம் தண்ணீரை எப்படி மாற்றுகிறது?

கடலூர் மாவட்டம் நெய்வேலியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இங்கே 1957-ல் பழுப்பு நிலக்கரி வெட்டும் வேலை தொடங்கியது. திறந்தவெளிச் சுரங்கம் என்பதால் மேல்மண்ணை முழுவதும் அகற்றிவிட்டுத்தான் நிலக்கரியை எடுக்க முடியும். நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் மணற்பாறையில் பெரிய நிலத்தடி நீர்ப்படுகை ஒன்று அழுத்தத்தோடு இருக்கிறது. அந்த நீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி அழுத்துகிறது. அழுத்தத்தைக் குறைக்காமல் தோண்டினால் சுரங்கத்தின் தரையே பொத்துக்கொள்ளும். அதனால் சுரங்கத்தைச் சுற்றி ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவு பகலாகத் தண்ணீரை இறைக்கிறார்கள்.

இப்படிப்பட்ட பகுதியில் சுரங்கத்திலிருந்து வெளியே வரும் தண்ணீர் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. இதைப் பிரித்துப் பார்ப்பது மிகவும் முக்கியம்.

1. ஆழத்திலிருந்து இறைக்கும் ஊற்றுநீர்: பொதுவாகத் தெளிவாக இருக்கும்.
2. சுரங்கக் குழியில் சேரும் மழைநீரும் கசிவுநீரும்: மண், நிலக்கரித் தூள், பாறை எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வரும். கலங்கலாக இருக்கும்.
3. மேல்மண்ணைக் கொட்டிய மண்மேடுகளில் இருந்து வழியும் மழைநீர்: வண்டலும் சேறும் சேர்ந்து வரும்.
4. அனல்மின் நிலையச் சாம்பல் குளத்து நீர்: நிலக்கரிச் சாம்பலில் போரான், ஆர்சனிக், பாதரசம் போன்றவை சிறிய அளவில் இருக்கும் என்பதால் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

நெய்வேலியில் வெளியேற்றப்படும் சுரங்க நீர் பரவனாறு வழியாக வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய், குறிஞ்சிப்பாடி வட்டாரத்து நெல் வயல்களுக்குப் பாய்கிறது. கோடையிலும் தண்ணீர் கிடைப்பதால் பலருக்கு இது வாழ்வாதாரம். எனவே 'சுரங்கத் தண்ணீர்' என்று ஒட்டுமொத்தமாக நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல முடியாது. எந்த இடத்தில், எந்த மாதத்தில், என்ன தண்ணீர் என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மற்ற சுரங்கங்களில் பிரச்சினையின் வடிவம் மாறும். அரியலூர் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களை ஒட்டிய கிணறுகளில் கடினத்தன்மையைப் பார்க்க வேண்டும். சேலம் மேக்னசைட் பகுதியில் மக்னீசியமும் குரோமியமும் கவனிக்க வேண்டியவை. கல்குவாரி அருகே பாறைத்தூள் கலங்கலும், வெடிமருந்தில் இருந்து வரும் நைட்ரேட்டும் பார்க்க வேண்டியவை. நிலக்கரி, தாமிரம், இரும்பு போன்ற சுரங்கங்களில் கந்தகம் கலந்த கனிமம் காற்றும் தண்ணீரும் பட்டுக் கந்தக அமிலமாக மாறக்கூடும். அப்போது சல்பேட் முதலில் ஏறும். பி.எச். அளவு இறங்கும். கரையில் செம்மஞ்சள் படிவு தெரியும்.

எங்கெங்கே மாதிரி எடுக்க வேண்டும்?

உங்கள் கிணற்றை மட்டும் சோதித்தால் பாதிக் கதைதான் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க வேறு இடம் வேண்டும். ஒரு கிராமத்தில் ஐந்தாறு விவசாயிகள் சேர்ந்து இந்த இடங்களைத் தேர்ந்தெடுங்கள்.

ஓடும் நீருக்கு:
- சுரங்க நீர் வந்து சேரும் இடத்துக்கு மேலே, ஆற்றிலோ ஓடையிலோ ஓர் இடம்.
- சுரங்க நீர் கலக்கும் இடம். (பொது வழியில் நின்று எடுக்கக்கூடிய இடமாக இருக்க வேண்டும். வேலி தாண்டி உள்ளே போக வேண்டாம். அது ஆபத்து, சட்டப்படியும் தவறு.)
- கலந்த பிறகு அரை கிலோமீட்டர் முதல் ஒரு கிலோமீட்டர் கீழே ஓர் இடம்.
- ஏரிக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால், ஏரி மதகு, உங்கள் வயல் மடை.

நிலத்தடி நீருக்கு:
- மண்மேடு, சாம்பல் குளம், சுரங்க வாய்க்கால் ஆகியவற்றை ஒட்டிய ஆழமில்லாத கிணறு ஒன்று. மேலிருந்து கசியும் மாசு முதலில் இங்கேதான் தெரியும்.
- அதே பகுதியில் ஆழமான போர்வெல் ஒன்று.
- சுரங்கத்தில் இருந்து சில கிலோமீட்டர் தள்ளி, அதே மாதிரி மண்ணும் ஆழமும் உள்ள ஒப்பீட்டுக் கிணறு ஒன்று.
- ஊராட்சிக் குடிநீர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் போர்வெல்.

ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும். சாதாரணமாக நிலத்தடி நீர் சரிவை நோக்கி நகரும். ஆனால் சுரங்கத்தில் பெரிய அளவில் இறைக்கும்போது, சுற்றியுள்ள ஆழத்து நீர் சுரங்கத்தை நோக்கித் திரும்பலாம். எனவே 'நம் ஊர் மேட்டில் இருக்கிறது, நமக்குப் பாதிப்பு வராது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மாசு எட்டாத இடத்திலும் நீர்மட்டம் இறங்க வாய்ப்பு உண்டு.

எப்போது எடுக்க வேண்டும்?

ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என ஆண்டுக்கு நான்கு முறை எடுங்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியமும் இந்த மாதங்களை ஒட்டித்தான் நீர்மட்டம் அளக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற பெரிய சுரங்கங்களுக்கும் பெரும்பாலும் இதே நான்கு பருவங்களில் நிலத்தடி நீரைப் பரிசோதிக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். உங்கள் எண்ணையும் அவர்கள் எண்ணையும் ஒரே பருவத்தில் வைத்து ஒப்பிட இது வசதி.

கூடுதலாக இரண்டு சமயம் முக்கியம். ஒன்று, கோடைக்குப் பிறகு முதல் பெருமழை பெய்து ஓடையில் தண்ணீர் வரும் நாள். பல மாதமாகத் தேங்கிய தூசியும் உப்பும் அன்றைக்குத்தான் மொத்தமாக இறங்கும். இரண்டு, வடகிழக்குப் பருவமழையில் சுரங்கக் குழியில் நின்ற தண்ணீரை வேகமாக வெளியேற்றும் நாட்கள். தண்ணீரின் நிறம் திடீரென்று மாறினாலோ மீன் செத்து மிதந்தாலோ, பருவத்துக்குக் காத்திருக்காமல் அன்றே மாதிரி எடுங்கள்.

நீர்மட்டம் அளக்கும் முறை

இதற்குச் செலவே இல்லை. நுனியில் கனமான இரும்புத் துண்டு கட்டிய கயிறு போதும். அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள்.

- கிணற்றின் கைப்பிடிச் சுவரில் ஓர் இடத்தில் பெயின்ட் அடித்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் அங்கிருந்தே அளக்க வேண்டும்.
- காலையில் மோட்டார் போடுவதற்கு முன் அளக்க வேண்டும். பக்கத்துக் கிணற்றிலும் மோட்டார் ஓடாமல் இருந்தால் நல்லது.
- மாதம் ஒரு முறை, ஒரே தேதியில் அளந்து எழுதுங்கள்.
- அந்த மாதம் பெய்த மழையளவையும் பக்கத்தில் குறியுங்கள். மழை குறைந்து மட்டம் இறங்கினால் அது வேறு. நல்ல மழை பெய்தும் மட்டம் ஏறவில்லை என்றால் அது வேறு. இந்த வித்தியாசம்தான் உங்கள் வாதத்தின் உயிர்.
- மூடி போட்ட போர்வெல்லில் கயிறு விட்டு மோட்டார் வயரில் சிக்க வைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே மோட்டார் இறக்கிய ஆழம், தண்ணீர் ஓடும் நேரம், எத்தனை நிமிடத்தில் தொட்டி நிரம்புகிறது என்பதை எழுதினாலே போதும்.

தண்ணீர் மாதிரி எடுக்கும் முறை

ஆய்வு முடிவு தவறாக வருவதற்குப் பெரும்பாலும் மாதிரி எடுத்த விதமே காரணமாக இருக்கும். பூச்சிமருந்து டப்பா, எண்ணெய் பாட்டில், குளிர்பான பாட்டில் எதையும் பயன்படுத்தாதீர்கள்.

1. பாசனத் தரம் பார்க்க ஒரு லிட்டர் அல்லது இரண்டு லிட்டர் கொள்ளும் புதிய, சுத்தமான பிளாஸ்டிக் கேன் போதும். எடுக்கப்போகும் தண்ணீராலேயே மூன்று முறை அலசிக் கொட்டிவிட்டுப் பிறகு நிரப்புங்கள்.
2. போர்வெல்லில் மோட்டாரைக் குறைந்தது 20 நிமிடம் ஓடவிட்டு, பிறகு எடுங்கள். குழாயில் தேங்கிய தண்ணீர் வேண்டாம்.
3. கிணற்றிலும் ஏரியிலும் மேலே மிதக்கும் பாசி, தூசி சேராமல், ஓரடி ஆழத்தில் எடுங்கள். ஓடையில் கரையோரம் வேண்டாம், ஓட்டம் உள்ள இடத்தில் எடுங்கள். கலங்கலை நீங்கள் கிளப்பிவிடாமல், நீர் வரும் திசையைப் பார்த்து நின்று பாட்டிலை முக்குங்கள்.
4. கேனில் காற்று நிற்காமல் விளிம்புவரை நிரப்பி இறுக மூடுங்கள்.
5. பாதரசம், ஈயம், ஆர்சனிக், குரோமியம் போன்ற கன உலோகங்களுக்குத் தனி பாட்டில் தேவை. அமிலம் சேர்த்த பாட்டிலை ஆய்வகமே தரும். அதை அலசக் கூடாது. முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.
6. கிருமிப் பரிசோதனைக்கும் ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டில்தான் வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.
7. மற்ற மாதிரிகளையும் வெயில் படாமல், குளிர்ச்சியாக வைத்து அன்றே அல்லது மறுநாளே கொடுங்கள்.

ஒவ்வொரு பாட்டிலிலும் எண், இடம், கிணற்றின் ஆழம், சர்வே எண், தேதி, நேரம், எடுத்தவர் பெயர் எழுதிய சீட்டு ஒட்டுங்கள். செல்போனில் இருப்பிடம் பதியும்படி படம் எடுங்கள். சாட்சியாக இரண்டு பேர் நோட்டில் கையெழுத்துப் போடட்டும். ஆய்வகத்தின் மீது நம்பிக்கை வர ஒரு வழி உண்டு. ஒரே தண்ணீரை இரண்டு பாட்டிலில் பிடித்து, வெவ்வேறு எண் போட்டுக் கொடுங்கள். இரண்டு முடிவும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

- படிவு சோதனை: ஓடைத் தண்ணீரை ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டிலில் பிடித்து இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் எத்தனை மில்லிமீட்டர் வண்டல் என்று ஸ்கேலால் அளந்து எழுதுங்கள்.
- எண்ணெய்ப் படலமா, இரும்பா? தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் படலம் மிதந்தால் குச்சியால் கலைத்துப் பாருங்கள். சில்லுச் சில்லாக உடைந்தால் அது இரும்பினால் வந்த இயற்கைப் படலம். கலைத்த பிறகு மறுபடி ஒன்றாகக் கூடினால் அது எண்ணெய்.
- டி.டி.எஸ். மீட்டர், பி.எச். மீட்டர்: கையடக்க மீட்டர்கள் மாதாந்திரக் கண்காணிப்புக்கு நல்லவை. ஆனால் அவ்வப்போது அளவுத் திரவத்தில் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டி.டி.எஸ். மீட்டர் கரைந்த உப்பின் மொத்த அளவைத்தான் காட்டும். லிட்டருக்கு 200 மில்லிகிராம் மட்டுமே உப்பு உள்ள, ருசியான தண்ணீரிலும் பாதரசமோ ஆர்சனிக்கோ இருக்க முடியும். மீட்டரில் எண் குறைவாக இருக்கிறது என்பதற்காக 'நல்ல தண்ணீர்' என்று முடிவு செய்ய வேண்டாம்.

எங்கே பரிசோதிக்கலாம்?

- பாசன நீர்: வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்கள், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள். கடலூர் மாவட்ட விவசாயிகளுக்கு விருத்தாசலத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.
- குடிநீர்: தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊராட்சிகளுக்குக் களப் பரிசோதனைப் பெட்டி கொடுத்து, ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி தர வழி செய்திருக்கிறார்கள். குளோரைடு, நைட்ரேட், புளோரைடு, இரும்பு, கடினத்தன்மை போன்றவற்றை ஊரிலேயே பார்த்துவிடலாம்.
- கன உலோகங்கள்: எல்லா ஆய்வகத்திலும் வசதி இருக்காது. தேசிய அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்களில் கேளுங்கள். நாலைந்து விவசாயிகள் சேர்ந்து கொடுத்தால் செலவு பங்கிடப்படும். நான்கு பருவமும் தேவையில்லை, ஆண்டுக்கு இரண்டு முறை போதும்.

மாதிரி கொடுக்கும்போது 'பொதுப் பரிசோதனை' என்று மட்டும் சொல்லாமல், சல்பேட், நைட்ரேட், போரான், இரும்பு, மாங்கனீசு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அறிக்கையைப் படிப்பது எப்படி?

பாசனத்துக்கு:

- பி.எச்.: 6.0 முதல் 8.5 வரை இருக்கலாம்.
- மின்கடத்தும் திறன்: 0.75 டெசிசைமனுக்குள் இருந்தால் பெரும்பாலான பயிருக்குப் பிரச்சினை இல்லை. 0.75 முதல் 2.25 வரை உப்பு அதிகம், வடிகால் வசதி வேண்டும். 2.25-க்கு மேல் போனால் சாதாரணப் பாசனத்துக்கு ஆகாது. சில அறிக்கைகளில் இதே எண் 2,250 மைக்ரோசைமன் என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான்.
- சோடியம் ஈர்ப்பு விகிதம்: 10-க்குள் நல்லது, 10 முதல் 18 வரை கவனம் தேவை, 26-க்கு மேல் உதவாது.
- எஞ்சிய சோடியம் கார்பனேட்: 1.25-க்குள் பாதுகாப்பு, 1.25 முதல் 2.5 வரை எல்லைக்கோடு, 2.5-க்கு மேல் கூடாது.
- போரான்: லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

பயிருக்குப் பயிர் தாங்கும் அளவு மாறும். மகசூல் குறையாமல் இருக்க, நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் பாசன நீரின் மின்கடத்தும் திறன் சுமார் 2 வரை போகலாம். கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் சுமார் 1.1 தான். பீன்ஸ் 0.7-க்கு மேல் தாங்காது.

எஞ்சிய சோடியம் கார்பனேட்டை நீங்களே கணக்குப் போடலாம். அறிக்கையில் உள்ள மில்லிகிராம் அளவைக் கால்சியம் என்றால் 20 ஆலும், மக்னீசியத்தை 12.2 ஆலும், பைகார்பனேட்டை 61 ஆலும், கார்பனேட்டை 30 ஆலும் வகுக்க வேண்டும். உதாரணமாகப் பைகார்பனேட் 305, கார்பனேட் 30, கால்சியம் 40, மக்னீசியம் 24.4 என்றால், முறையே 5, 1, 2, 2 வரும். முதல் இரண்டின் கூட்டுத்தொகை 6, அடுத்த இரண்டின் கூட்டுத்தொகை 4. வித்தியாசம் 2. இது எல்லைக்கோட்டுத் தண்ணீர்.

குடிநீருக்கு (இந்தியத் தர நிர்ணயம், லிட்டருக்கு மில்லிகிராமில்):

- பி.எச். 6.5 முதல் 8.5 வரை
- மொத்தக் கரைந்த உப்பு 500. வேறு வழியில்லை என்றால் 2,000 வரை
- சல்பேட் 200. வேறு வழியில்லை என்றால் 400 வரை
- நைட்ரேட் 45
- புளோரைடு 1. வேறு வழியில்லை என்றால் 1.5 வரை
- ஈயம் 0.01
- ஆர்சனிக் 0.01
- காட்மியம் 0.003
- பாதரசம் 0.001
- மொத்தக் குரோமியம் 0.05

காரணத்தைச் சரியாகக் கண்டுபிடியுங்கள்

ஒரு முறை வந்த ஒரு எண்ணை வைத்துச் சுரங்கம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் உடைக்கும். நைட்ரேட் யூரியாவிலும் மாட்டுத்தொழுவத்திலும் இருந்தும் வரும். குளோரைடு கடல்நீர் உள்ளே வருவதாலும் ஏறும். புளோரைடும் இரும்பும் சில பாறைகளில் இயற்கையாகவே இருக்கும்.

எனவே மூன்று கேள்விகளை வைத்துப் பாருங்கள். சுரங்க நீர் கலக்கும் இடத்துக்கு மேலே குறைவாகவும் கீழே அதிகமாகவும் இருக்கிறதா? ஒப்பீட்டுக் கிணற்றில் மாறாமல் இருக்க, சுரங்கத்துக்கு அருகே உள்ள கிணற்றில் மட்டும் ஏறுகிறதா? பருவத்துக்குப் பருவம் தொடர்ந்து ஒரே திசையில் போகிறதா?

உதாரணத்துக்கு, மண்மேட்டுக்கு அருகிலுள்ள கிணற்றில் சல்பேட் நான்கு பருவங்களில் 60, 85, 130, 190 என்று ஏறுகிறது, மூன்று கிலோமீட்டர் தள்ளிய கிணற்றில் 50-லேயே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 190 என்பது குடிநீர் வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் இது உடனே கேள்வி கேட்க வேண்டிய விஷயம். வரம்பைத் தாண்டும்வரை காத்திருந்தால், கெட்ட நிலத்தடி நீரைத் திருப்பிச் சரிசெய்யப் பல ஆண்டுகள் ஆகும்.

முடிவு மோசமாக இருந்தால் என்ன செய்வது?

- கன உலோகமோ நைட்ரேட்டோ வரம்பைத் தாண்டிய தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்துவதை அன்றே நிறுத்துங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உலோகமும் நைட்ரேட்டும் போகாது. தண்ணீர் சுண்டுவதால் அவற்றின் அளவு கூடத்தான் செய்யும். பால்பவுடர் கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைகள் இருக்கும் வீடுகளில் நைட்ரேட் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும்.
- ஆடு மாடுகளுக்கு மின்கடத்தும் திறன் 5 டெசிசைமனுக்குள் உள்ள தண்ணீர் ஆகும். சல்பேட் 1,000 மில்லிகிராமைத் தாண்டினால் கழிச்சல் வர வாய்ப்பு உண்டு. கால்நடை மருத்துவரிடம் அறிக்கையைக் காட்டுங்கள்.
- உப்புத் தண்ணீர் என்றால் நல்ல தண்ணீரோடு கலந்தோ, மாறிமாறியோ பாய்ச்சுங்கள். முளைக்கும் பருவத்திலும் நாற்று நட்ட புதிதிலும் நல்ல தண்ணீரையே கொடுங்கள். வடிகாலைச் சுத்தமாக வையுங்கள்.
- எஞ்சிய சோடியம் கார்பனேட்டை ஒரு அலகு குறைக்க, ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரம் பாய்ச்சும் தண்ணீருக்குச் சுமார் 17.5 கிலோ தூய ஜிப்சம் தேவை. வாய்க்கால் தலைப்பில் ஜிப்சத் தொட்டி கட்டி அதன் வழியே தண்ணீரை விடலாம்.
- கலங்கல் நீர் வந்தால் வயலுக்கு முன்னால் சிறிய குழி வெட்டித் தேக்கி, வண்டல் படிந்த பிறகு பாய்ச்சுங்கள். அந்த வண்டலை ஏரி வண்டல் என்று நினைத்து வயலில் இறைக்காதீர்கள். முதலில் மண் பரிசோதனை செய்யுங்கள்.

கேட்டுப் பெற வேண்டிய ஆவணங்கள்

சுரங்க நிறுவனமும் தண்ணீரைப் பரிசோதித்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்த எண்களைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு.

1. அரையாண்டு அறிக்கை: 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, அனுமதி பெற்ற திட்டங்கள் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிபந்தனைகளைக் கடைப்பிடித்த அறிக்கையைத் தர வேண்டும். இது பொது ஆவணம்.
2. இயக்க இசைவாணை: 1974-ஆம் ஆண்டு தண்ணீர்ச் சட்டத்தின்படி தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுப்பது. எவ்வளவு தண்ணீரை, எந்தத் தரத்தில் வெளியேற்றலாம் என்பது அதில் இருக்கும்.
3. ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிக்கை: செப்டம்பர் 30-க்குள் வாரியத்திடம் தர வேண்டியது.

இவை கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். 'தண்ணீர் பற்றிய தகவல் வேண்டும்' என்று பொதுவாக எழுதாமல், எந்த ஆண்டு, எந்தக் கிணறு, எந்த வெளியேற்று வாய்க்கால் என்று குறிப்பிட்டு எழுதுங்கள்.

புகார் செய்யும் வழி

நீங்கள் எடுத்த மாதிரி உங்களுக்கு வழிகாட்டி. ஆனால் நிறுவனத்தின் மீது வாரியம் வழக்கு நடத்த, வாரிய அதிகாரி சட்டப்படி அறிவிப்புக் கொடுத்து, முத்திரை வைத்து எடுத்த மாதிரிதான் சாட்சியமாகும். எனவே உங்கள் அறிக்கையின் நகலை இணைத்து, 'உங்கள் அதிகாரி நேரில் வந்து மாதிரி எடுக்க வேண்டும்' என்று எழுத்தில் கேளுங்கள். ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் இதே மனுவைப் பதிவு செய்யுங்கள்.

கிராம சபையையும் விட்டுவிடாதீர்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கிராம சபை இதற்குப் பொருத்தமான நாள். ஓராண்டு எண்களை ஒரு தாளில் எழுதி வாசித்து, தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். தனி ஒருவர் மனுவைவிட ஊர்த் தீர்மானத்துக்கு மதிப்பு அதிகம்.

அப்படியும் தீர்வில்லை என்றால் சென்னையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. இங்கே கெடு உண்டு என்பதை மறக்காதீர்கள். மாசைத் தடுக்கக் கோரும் மனுவைப் பிரச்சினை முதலில் எழுந்ததில் இருந்து 6 மாதத்துக்குள் போட வேண்டும். பயிர், நிலம், உடல்நலப் பாதிப்புக்கு இழப்பீடு கோரும் மனுவுக்கு 5 ஆண்டு. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம். 'பிரச்சினை எப்போது தொடங்கியது?' என்ற கேள்வி அங்கேயும் வரும். அதற்கு உங்கள் நோட்டுதான் பதில்.

நோட்டில் இருக்க வேண்டியவை

- தேதி, நேரம், மாதிரி எண், இடம்
- நீர்மட்டம் (அடி), அந்த மாத மழையளவு
- நிறம், வாடை, வண்டல் அளவு
- பி.எச்., டி.டி.எஸ். மீட்டர் அளவு
- ஆய்வக அறிக்கை எண், முக்கிய முடிவுகள்
- அப்போது வயலில் இருந்த பயிர், அதன் நிலை, மகசூல்
- உங்கள் ஊர் வழியாகச் சுரங்க நீர் திறந்துவிட்ட நாட்கள்
- சாட்சிகள் கையெழுத்து

உங்கள் ஊர் அருகே சுரங்கமோ குவாரியோ இனிமேல்தான் வரப்போகிறது என்றால், இந்த வேலையை இன்றே தொடங்குங்கள். தோண்டுவதற்கு முன் கிணறு எப்படி இருந்தது என்ற கணக்கைப் பிறகு எந்த விலை கொடுத்தும் வாங்க முடியாது. சுரங்கம் ஏற்கெனவே இருக்கிறது என்றாலும் தாமதம் ஆகிவிடவில்லை. இந்த மாதம் எழுதும் முதல் எண்ணில் இருந்துதான் அடுத்த ஆண்டு ஒப்பீடு தொடங்கும். நாளைக் காலை மோட்டார் போடுவதற்கு முன், கயிற்றை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போங்கள்.